மன்னிப்பை மனப்பாடம் செய்விக்கலாமா?

பல ஆண்டுகளுக்கு முன்பு ஒரு தொடக்கப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு ஆசிரியராக இருந்தேன். ஒருநாள் மதிய இடைவேளை முடிந்து வகுப்புக்குள் நுழைந்தபோது ஒரு சிறுவன் தரையில் விழுந்து அழுதுகொண்டிருந்தான். அவனைத் தள்ளியவன் முகம் இறுகிப் பக்கத்தில் நின்றான். நான் அதிகம் சிந்திக்கவில்லை. “மன்னிப்புக் கேள்” என்றேன். அவன் வாய் திறக்கவில்லை. “கேட்கும்வரை நின்றுகொண்டே இரு” என்றேன். சற்று நேரம் கழித்து, தரையைப் பார்த்தபடி முணுமுணுத்தான். “சத்தமாகச் சொல்” என்றேன். சொன்னான். சிக்கல் தீர்ந்தது என்ற நிறைவோடு கரும்பலகைப் பக்கம் திரும்பினேன்.

அன்று மாலை பள்ளி வாயிலில் அதே சிறுவனைத் தன் தங்கையுடன் கண்டேன். அவள் அவனுடைய பையைக் கீழே போட்டுவிட்டாள் போலும். “மன்னிப்புக் கேள்! சத்தமாகச் சொல்!” என்று அவளை அதட்டிக்கொண்டிருந்தான். சொற்கள் என்னுடையவை, குரலும் ஏறக்குறைய என்னுடையதே. நான் நடத்திய பாடத்தை அவன் நன்றாகவே கற்றிருந்தான். ஆனால் நான் கற்பிக்க நினைத்த பாடம் அதுதானா?

அறம் கற்பிக்கக் கூடியதா என்ற வினா மிகப் பழையது. பிளேட்டோவின் ‘மெனோ’ என்னும் உரையாடல் இந்த வினாவோடுதான் தொடங்குகிறது. பின்வந்த அரிஸ்டாட்டில், யாழை மீட்டிப் பழகியே ஒருவன் யாழ்க் கலைஞன் ஆவதுபோல, நேர்மையானவற்றைச் செய்து பழகியே நேர்மையாளன் ஆகிறான் என்று விளக்கினார். அத்தோடு அவர் நிற்கவில்லை. வெளிச்செயல் மட்டும் போதாது. செய்பவன் அதை அறிந்து, நல்லது என்பதற்காகவே தேர்ந்து செய்யவேண்டும் என்றும் கூறினார். என் மாணவன் சொன்ன சொல்லில் இவ்விரண்டில் எது இருந்தது?

இந்தப் பழைய வினாவுக்கு இன்றைய கல்வியுலகம் பாடத்திட்டத்தின் வழியாக விடை தேடுகிறது. 1994-இல் அமெரிக்காவில் கல்வியாளர்களும் உளவியல் அறிஞர்களும் இதற்கெனவே ஓர் அமைப்பைத் தோற்றுவித்தனர். தன்னை அறிதல், தன்னை ஆளுதல், பிறரை உணர்தல், உறவைப் பேணுதல், பொறுப்போடு முடிவெடுத்தல் என்னும் ஐந்து திறன்களை அது வகுத்துத் தந்தது. நம் நாட்டில் 2018 ஜூலையில் தில்லி அரசுப் பள்ளிகளில் மழலையர் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை ‘மகிழ்ச்சிப் பாடத்திட்டம்’ தொடங்கப்பட்டது.

“இவையெல்லாம் வீட்டில் கற்கவேண்டியவை, பள்ளிக்கு எழுத்தும் எண்ணும் போதாவா?” என்று கேட்போர் உண்டு. எழுத்தும் எண்ணுமே மனம் அமைதியுற்ற குழந்தைக்குத்தான் எளிதில் ஏறும். இத்தகைய 213 திட்டங்களை ஒருங்கே ஆராய்ந்து 2011-இல் வெளியான ஆய்வு ஒன்று, அவற்றில் பங்குபெற்ற மாணவர்கள் நடத்தையில் மட்டுமன்றிப் படிப்பிலும் முன்னேறியதைக் காட்டியது. இது வியப்புக்குரியதன்று. அவமானம், அச்சம், பொறாமை, பசி ஆகிய எல்லாவற்றையும் கோபம் என்ற ஒரே வடிவில் மட்டுமே வெளிக்காட்டத் தெரிந்த குழந்தைக்கு, அவை ஒவ்வொன்றுக்கும் உரிய பெயரைச் சொல்லிக் கொடுப்பது பேருதவி. பெயர் தெரிந்த துன்பத்தை வாயால் சொல்லலாம்; பெயர் தெரியாத துன்பம் கையால்தான் பேசும்.

ஆயினும் இங்கே ஒரு தயக்கம் எழுகிறது. திறன் வேறு, அறம் வேறு அல்லவா? அன்று நடந்தது என்ன என்பதைச் சில நாள் கழித்தே வேறொரு மாணவன் வழியாக அறிந்தேன். தள்ளிய சிறுவனின் தந்தை குடித்துவிட்டுத் தெருவில் கிடந்ததை, விழுந்து அழுதவன் வகுப்பில் எல்லாருக்கும் நடித்துக் காட்டிச் சிரிக்க வைத்திருக்கிறான். எந்த இடத்தில் தொட்டால் வலிக்கும் என்பது அந்த எட்டு வயதுச் சிறுவனுக்குத் துல்லியமாகத் தெரிந்திருந்தது. பிறரை உணரும் திறன் அவனிடம் குறைவின்றி இருந்தது. உணர்ந்ததைக் காக்கும் மனந்தான் இல்லை. ‘இன்னா செய்யாமை’ அதிகாரத்தில் வள்ளுவர் அறிவின் பயனைப் பிறர் துன்பத்தோடு இணைத்துப் பேசுவது இதனால்தான் போலும்.

அப்படியானால் திறன் அறமாக மாறுவது எவ்வாறு? ஏல் பல்கலைக்கழகத்தின் குழந்தை மனநல மருத்துவர் ஜேம்ஸ் கோமர் 1968-இல் நியூ ஹேவன் நகரின் இரண்டு தொடக்கப் பள்ளிகளில் மேற்கொண்ட பணி இதற்கு வழிகாட்டுகிறது. வறுமை மிகுந்த, ஆப்பிரிக்க அமெரிக்கக் குடும்பங்கள் வாழ்ந்த பகுதி அது. அவர் முதலில் மாற்ற முனைந்தது குழந்தைகளை அன்று, பெரியவர்களை. தலைமையாசிரியரும் ஆசிரியர்களும் பெற்றோரும் ஒன்றாக அமர்ந்து பள்ளியை நடத்தினர். குற்றவாளி யார் என்று தேடாமல், சிக்கலை எவ்வாறு தீர்ப்பது என்று பேசவேண்டும் என்பது அவர்களது விதிகளுள் ஒன்று.

வட கரோலினாவிலிருந்து புதிதாக வந்து சேர்ந்த எட்டு வயதுச் சிறுவன் ஒருவனைப் பற்றிக் கோமர் 1988-இல் எழுதியிருக்கிறார். அறிமுகமற்ற முகங்களைக் கண்டு மிரண்ட அவன், ஆசிரியரைக் காலால் உதைத்துவிட்டு வகுப்பை விட்டு ஓடினான். தண்டனை என்பதுதானே நமக்குத் தோன்றும் முதல் எண்ணம்? அங்கே, புதிய இடத்தில் தனியாக நிற்பது எப்படி இருக்கும் என்று எண்ணிப் பார்க்க வகுப்புக் குழந்தைகள் தூண்டப்பட்டனர். அவன் திரும்பி வந்தபோது வகுப்பு அவனை வரவேற்றது. அக்குழந்தைகளுக்குப் பரிவு ஒரு பாடத்தலைப்பாக வரவில்லை. வாசலில் நின்ற ஒரு சிறுவனாக வந்தது.

தன்னடக்கத்தின் கதையும் இதுவே. 2013-இல் வெளியான ரோச்செஸ்டர் பல்கலைக்கழகச் சோதனை சிறியதுதான். 28 குழந்தைகளே அதில் பங்குபெற்றனர். நல்ல வண்ணக்கோல்கள் கொண்டு வருவதாகக் குழந்தைகளிடம் சொல்லப்பட்டது. ஒரு பாதிக்கு வாக்குக் காப்பாற்றப்பட்டது. மறு பாதிக்கு “இல்லை” என்று கை விரிக்கப்பட்டது. அதன்பின் ஓர் இனிப்பை முன்வைத்து, உண்ணாமல் காத்திருந்தால் இன்னொன்றும் கிடைக்கும் என்றனர். வாக்குக் காப்பாற்றப்பட்ட குழந்தைகள் சராசரி 12 நிமிடங்கள் காத்திருந்தனர். ஏமாற்றப்பட்டவர்கள் 3 நிமிடங்களே காத்திருந்தனர். பொறுமையில்லாத பிள்ளை என்று நாம் பெயர் சூட்டும் குழந்தை, உண்மையில் நம் சொல்லை நம்ப முடியாத குழந்தையாகவும் இருக்கலாம் அன்றோ!

ஆகவே பள்ளிகள் இத்திறன்களைக் கற்பிக்கட்டும், அது நல்லதே. ஆனால் பெற்றோரும் ஆசிரியருமாகிய நாம், இந்தப் பாடத்தைப் பிள்ளைகளுக்கு மட்டும் உரியதாக ஒதுக்கிவிட்டுக் கரையில் நிற்க இயலாது. கோபத்தை அடக்கு என்று கோபத்தோடு சொல்கிறோம். பொய் சொல்லாதே என்று கண்டித்துவிட்டு, வாயிலில் வந்து நிற்பவரிடம் அப்பா வீட்டில் இல்லை என்று சொல்லப் பிள்ளையையே அனுப்புகிறோம். குழந்தை இரண்டையும் கேட்கிறது, கற்பது இரண்டாவதைத்தான்.

உண்மை தெரிந்த மறுநாள், எந்த வகுப்பின் முன் அந்தச் சிறுவனைத் தலைகுனிய வைத்தேனோ அதே வகுப்பின் முன் அவனை அழைத்தேன். “என்ன நடந்தது என்று உன்னிடம் கேட்காமலே உன்னைத் தண்டித்துவிட்டேன். என்னை மன்னித்துக்கொள்” என்றேன். கேலி செய்தவனிடம் தனியாகப் பேசினேன். அவனை யாரிடமும் எதுவும் சொல்லும்படி நான் வற்புறுத்தவில்லை. இருவரும் அன்றே நண்பர்களாகிவிட்டார்கள் என்று எழுத எனக்கு ஆசைதான். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் நான் மன்னிப்புக் கேட்ட அந்த நேரத்தில், முன் வரிசையில் இருந்த சிறுமி பக்கத்திலிருந்தவளிடம் மெல்லக் கேட்டது என் காதில் விழுந்தது: “டீச்சர்கூட மன்னிப்புக் கேட்கலாமா?”

அந்த ஆண்டு முழுவதும் நான் நடத்திய பாடங்களுள், ஒரு குழந்தை தானாகவே கேள்வி எழுப்பிச் சிந்தித்த பாடம் அதுவாகத்தான் இருக்கவேண்டும்.