மனச்சாட்சியும் கீழ்க்கோர்ட்டும்

மேல்கோர்ட்டார் தீர்மானமாகச் சொல்லிவிட்ட ஒரு தீர்ப்பு அநீதியென்று தம் புத்திக்கும் இருதயத்துக்கும் படுகிறபோது, கீழ்க்கோர்ட்டு நீதிபதி எந்தத் தர்மத்துக்குக் கட்டுப்பட்டவர் என்ற கேள்வி வெறும் சட்ட சர்ச்சையன்று. கட்டளைக்கும் மனச்சாட்சிக்கும் உள்ள உறவைப் பற்றிய ஆத்ம விசாரமே அது.

அமெரிக்காவில் மேற்கு வர்ஜீனியாக் கல்விச் சபையார், பள்ளிப் பிள்ளைகள் யாவரும் தேசியக் கொடியை வணங்கியே தீரவேண்டுமென்று 1942 ஜனவரியில் விதித்தனர். உருவ வழிபாட்டை விலக்கும் யாத்திராகமத்தின் 20ஆம் அதிகாரத்தை எழுத்துப் பிசகாமல் கைக்கொள்ளும் யெகோவாவின் சாட்சிகள் என்னும் சமயத்தாரின் குழந்தைகளோ, வகுப்பு முழுவதும் கைநீட்டி உறுதிமொழி கூறுகையில் தம் கைகளைத் தொங்கவிட்டு மௌனமாக நின்றார்கள். அவர்களைப் பள்ளியினின்றும் நீக்கியதோடு அமையாமல், பள்ளிக்கு வராத குற்றத்துக்காகப் பெற்றோருக்கு 50 டாலர் வரை அபராதமும் 30 நாள் வரை சிறையும் விதிக்க இடம் வைத்தார்கள். துரத்திவிட்டு, ஏன் வரவில்லையென்று தண்டிக்கும் இக்கொடுமையை நினைத்தால் இன்றும் மனம் கொதிக்கிறது.

பெற்றோர் சமஷ்டிக் கோர்ட்டில் சிவில் வழக்குத் தொடுத்தனர். மூவர் அடங்கிய விசாரணை மன்றத்துக்காகத் தீர்ப்பெழுதிய ஜான் பார்க்கர், 1930இல் சுப்ரீம் கோர்ட்டுக்கு நியமிக்கப்பட்டு, செனட் சபையில் 41க்கு 39 என்ற கணக்கில் மறுக்கப்பட்டவர். இத்தகைய வழக்கொன்றில் 1940இல் அதே சுப்ரீம் கோர்ட்டு, எட்டுக்கு ஒன்றாகப் பள்ளியின் பக்கமே தீர்ப்பளித்திருந்தது. பார்க்கர் அதை மறைக்கவுமில்லை, சாமர்த்தியமாகச் சுற்றிவளைத்துக் கடக்கவுமில்லை; அதில் பங்குகொண்டு இன்னும் பதவியிலிருந்த எழுவரில் நால்வர் அது பிழையென்று பகிரங்கமாகக் கூறியிருப்பதை எடுத்துக்காட்டி, மத சுதந்திரத்துக்கு விரோதமென்று தாம் நம்பும் ஒன்றைப் பின்பற்றுவது கடமைத் துரோகமாகும் என்று எழுதி, அக்கட்டாயத்தைத் தடுத்தார்.

கொடி விக்கிரகமாகுமா? ஆகாதென்றே நான் எண்ணுகிறேன். ஆனால் நம்பிக்கையால் பொதுநலத்துக்குப் பங்கம் விளைகிறதா என்று பார்ப்பதே கோர்ட்டின் வேலை, நம்பிக்கை நியாயமானதா என்று அளப்பதன்று என பார்க்கர் வகுத்த எல்லை, சமய விஷயத்தில் அரசுக்கு இருக்கவேண்டிய அடக்கத்தின் சாரமாகவே எனக்குத் தோன்றுகிறது. வணக்கம் ஆத்மாவினின்றும் எழுவது; ஆத்மா மறுக்கையில் கையை மட்டும் உயர்த்தச் செய்வதால் தேசபக்தி வளருமென்று எப்படிச் சொல்வது?

1943 ஜூன் 14 அன்று சுப்ரீம் கோர்ட்டும் ஆறுக்கு மூன்றாகத் தன் பழைய தீர்ப்பைக் கைவிட்டுப் பார்க்கரின் முடிவை உறுதிசெய்தது. கேரளத்தில் ஜன கண மன பாடுகையில் மரியாதையாக எழுந்து நின்றும் வாய்திறந்து பாடாத அதே சமயத்துப் பிள்ளைகள் மூவர் பள்ளியினின்றும் நீக்கப்பட்டபோது, நம் சுப்ரீம் கோர்ட்டு நீதிபதி சின்னப்ப ரெட்டி 1986இல் அந்த அமெரிக்கத் தீர்ப்பையும் எடுத்துக்காட்டி, அவர்களை மீண்டும் சேர்த்துக்கொள்ள உத்தரவிட்டார்.