கடைசியில் பேசுகிறவர்

போக்கரில் நல்ல சீட்டைவிட நல்ல இடம் பெரிது. டெக்சாஸ் ஹோல்டம் ஆட்டத்தில் அவரவர் கையில் இரண்டு சீட்டு, நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து. பொதுச் சீட்டு விழுந்த பிறகு, டீலர் வில்லை யார் முன்னால் இருக்கிறதோ அவர்தான் கடைசியில் பேசுவார். யார் கட்டினார், யார் தயங்கினார், யார் சீட்டைக் கவிழ்த்தார் என்று அத்தனையும் பார்த்துவிட்டே முடிவெடுப்பார். எல்லோரும் தயங்கினால், கையில் ஒன்றுமே இல்லாமல் பெருந்தொகை கட்டி மிரட்டலாம். அதுதான் பிளஃப். 1944-இல் ஃபான் நாய்மனும் மார்கென்ஸ்டெர்னும் எழுதிய ஆட்டக் கோட்பாட்டு நூல் இதற்குக் கணக்கே போட்டது: பிளஃப் செய்யவே மாட்டார் என்று பெயரெடுத்தவர் நல்ல சீட்டோடு கட்டினாலும் மற்றவர்கள் விலகிவிடுவார்கள்.

ஏற்காட்டில் மழை ராத்திரிகளில் நண்பர்களோடு புளியங்கொட்டை வைத்து ஆடியிருக்கிறேன். பிளஃப் பொய்தானே என்று ஒருவர் கேட்டார். இல்லை என்றே இன்றும் நினைக்கிறேன். ஒவ்வொரு ஆட்டமும் முடிந்ததும் வில்லை அடுத்தவரிடம் நகர்கிறது. இந்த முறை நீங்கள் என்னைப் பார்த்துப் பேசினால், இன்னொரு முறை நான் உங்களைப் பார்த்துப் பேசுவேன். ஏமாற்றலாம் என்று எல்லோரும் ஒப்புக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறோம். போக்கர் திறமை ஆட்டமே என்று சென்னை உயர் நீதிமன்றம் 2023-இல் சொன்னது; இணையத்தில் பணம் கட்டி ஆடுவதை 2025-இல் மத்திய சட்டம் தடுத்தது. திறமையா அதிர்ஷ்டமா என்பது அவர்கள் வழக்கு. வில்லை நகர்கிறதா என்பதே என் கேள்வி.

சேர்வராயன் மலையில் அது நகர்வதில்லை. அரபிக்கா காபிப் பழம் பறிக்கும் மாதங்களில் நாகலூர்ப் பக்கம் போனால் தெரியும். 1990-கள் வரை காபியைக் காபி வாரியத்திடம்தான் கொடுக்க வேண்டும், பேரத்துக்கே இடமில்லை. இப்போது வியாபாரி வாசலுக்கே வருகிறார். "என்னம்மா, என்ன விலை எதிர்பார்க்கிற?" முதலில் பேச வேண்டியவர் எப்போதும் விவசாயிதான். அரபிக்கா விலை நியூயார்க் சந்தையில் ஏறி இறங்குவதைக் கைப்பேசியில் இருவருமே பார்க்கலாம். ஆனால் பள்ளிக் கட்டணமும் கூலி பாக்கியும் ஒருவருக்குத்தான் நெருக்குகின்றன. மற்றவர் அடுத்த வீட்டுக்குப் போய்விடலாம். அந்த இடத்தில் இருந்துகொண்டு மூட்டைக்குள் கைவிட்டு, "ஈரம் இருக்கே, அடுத்த வாரம் விலை இறங்கிடும்" என்பதைச் சாமர்த்தியம் என்று என்னால் மெச்ச முடியவில்லை. இந்த மேசையில் உட்கார அந்த அம்மாள் சம்மதிக்கவே இல்லை; அவருக்கு வேறு மேசை கிடையாது.

அப்படி ஒரு வாசலில் ஒரு பெண்மணி பேசியதைக் கேட்டேன். விலை கேட்டதற்கு அவர் வாயே திறக்கவில்லை. காய்ந்த காபியைக் காலால் கிளறிவிட்டபடி, "நீங்களே சொல்லுங்கண்ணே, நேத்துகூட ஒருத்தர் வந்து கேட்டுட்டுப் போனாரு" என்றார். நேற்று யாரும் வரவில்லை என்று பிறகு சொன்னார். வியாபாரி முதலில் ஒரு விலை சொன்னார், அப்புறம் கொஞ்சம் ஏற்றினார். அந்தப் பிளஃபை நான் பொய்க் கணக்கில் சேர்க்க மாட்டேன்.