கையினுள்ளே ஒரு வாத்தியம்

நாற்பது வயது கடந்தபின் கிட்டார் பயிலத் தொடங்கிய நான், முதல் மூன்று மாதங்கள் ஒவ்வோர் இரவும் கூடத்து மூலையில் உட்கார்ந்து, பல சுரங்கள் ஒருசேர ஒலிக்கும் ‘எஃப் மேஜர்’ என்னும் கார்டோடு மல்லாடிக்கொண்டிருந்தேன். ஆள்காட்டி விரலை முதல் ஃபிரெட்டில் (கிட்டாரின் கழுத்தில் குறுக்கே பதித்த உலோகப் பட்டை) ஆறு தந்திகளுக்கும் குறுக்கே படுக்கவைத்து, மற்ற மூன்று விரல்களையும் அதனதன் இடத்தில் ஊன்றி, ஆறும் ஒருசேரத் தெளிவாக ஒலிக்கச் செய்யவேண்டிய அந்தப் பிடி, புதிதாகக் கற்பவர் பலரைக் கிட்டாரை உறையிலிட்டு மூடிவைக்கும்படி செய்திருக்கிறது. நான் மூடிவைக்கவில்லை; இன்னும் பலமாக அழுத்தினேன். ஒரு நாள் காலையில் காபி டம்ளரைத் தூக்கும்போது, கட்டைவிரலின் அடியிலிருந்து மணிக்கட்டு வரை சுரீரென்று ஒரு வலி ஓடிற்று. அதைக் கண்டு அஞ்சாமல், உள்ளூரப் பெருமைப்பட்டேன் என்பதை நினைத்தால் இப்போது ஆச்சரியமாக இருக்கிறது.

அந்தப் பெருமை எங்கிருந்து வந்தது? தேகத்தை வருத்தாமல் எந்த வித்தையும் கைகூடாது என்று சிறு வயது முதல் வீட்டிலும் பள்ளியிலும் கேட்டுக் கேட்டு, வருத்தமே சிரத்தைக்கு அளவுகோல் என்று நம்பி வளர்ந்தவன் நான். தந்தி வாத்தியம் பயில்பவருக்கு விரல்நுனி சில வாரங்கள் எரிந்து, பின்னர் தோல் காய்த்து, எரிச்சல் தானே அடங்கிவிடும் என்பது உண்மை. ஆனால் தோலின் வலி வேறு, மூட்டின் வலி வேறு. முன்னது பழகப் பழகக் குறைவது, பின்னது பழகப் பழக வளர்வது. இந்த பேதம் தெரியாதவனுக்கு இரண்டும் ஒரே தவமாகத் தோன்றுகின்றன.

என் ஆசிரியர் என்னைவிட இளையவர். நான் வாசிப்பதைச் சிறிது நேரம் மௌனமாகப் பார்த்திருந்துவிட்டு, “சார், கட்டைவிரலை எடுத்துட்டு வாசிங்க” என்றார். கிட்டாரின் கழுத்துக்குப் பின்னாலிருந்து இறுக்கிப் பிடித்திருந்த அந்த விரலை எடுத்துவிட்டால் நாதமே எழாது என்ற அச்சத்தோடு எடுத்தேன். வலது முன்கை வாத்தியத்தின் உடலை மார்போடு அணைத்திருக்க, இடது கையின் பாரம் முழங்கை வழியாகப் பின்னோக்கித் தொங்க, அந்தப் பாரமே விரல்களைத் தந்திகளின்மேல் அமர்த்த, கார்டு ஒலித்தது. “சத்தம் வருதுல்ல? அப்போ இந்தக் கட்டைவிரல் இவ்வளவு நாளா யாரோட சண்டை போட்டுக்கிட்டு இருந்துச்சு?” என்று அவர் கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

பிறகு இன்னொன்று செய்யச் சொன்னார். ஒரு விரலைத் தந்தியின்மேல் வெறுமனே வைத்து, மறு கையால் மீட்டிக்கொண்டே, அணு அணுவாக அழுத்தத்தைக் கூட்டவேண்டும். முதலில் உயிரற்ற ஒரு தட்டல்; அடுத்து ஒரு கரகரப்பு; அதற்கடுத்த கணத்தில் சுத்தமான நாதம். அங்கேயே நிறுத்திக்கொள்ள வேண்டும். விரல் ஃபிரெட்டை ஒட்டி அமர்ந்தால் அந்த இடம் இன்னும் சீக்கிரம் வந்துவிடுகிறது. அதற்குமேல் எவ்வளவு அழுத்தினாலும் நாதம் ஒரு துளியும் இனிமையடைவதில்லை. மிதமிஞ்சினால் சுருதிதான் பிசகுகிறது. மூன்று மாதம் நான் இறைத்த பிரயாசையில் பெரும்பகுதி இசைக்குப் போய்ச் சேரவே இல்லை என்பதை அன்று என் காதே எனக்குச் சொல்லிற்று.

யாழின் தந்தியையும் உடலின் நரம்பையும் பழந்தமிழ் ‘நரம்பு’ என்ற ஒரே சொல்லால் வழங்கியது. கையினுள்ளும் தந்திகள் உண்டு. விரலை மடக்கும் பெருந்தசைகள் விரலில் இல்லை, முன்கையில் இருக்கின்றன. அங்கிருந்து புறப்படும் ஒன்பது தசைநாண்கள், ஒரு நரம்பையும் உடன்கொண்டு, மணிக்கட்டிலுள்ள குறுகிய வழியொன்றில் நெருங்கிச் செல்கின்றன. மணிக்கட்டை வளைத்து வைத்து விரலை அழுத்தும்போது, அந்த வளைவில் அவை உராய்கின்றன, நரம்பு நெருக்குண்கிறது, பிடியின் பலமும் குறைகிறது. இடது காலடியில் ஒரு சிறு மணையிட்டு, கிட்டாரின் தலை கண்மட்டத்துக்கு வரும்படி கழுத்தை உயர்த்திக்கொண்டால், மணிக்கட்டு தானாகவே நேராகிறது. வெளியே உள்ள ஆறு தந்திகளுக்கு நாள்தோறும் சுருதி கூட்டுகிற நாம், உள்ளே உள்ள பத்தையும் ஒரு நாளாவது விசாரிக்கிறோமா? வெளித்தந்தி அறுந்தால் கடையில் வேறு வாங்கலாம்.

பியானோ வித்வானாக வேண்டும் என்று கனவு கண்ட ராபர்ட் ஷூமன், விரலுக்கு வலிமையேற்ற ஒரு பொறியைக்கூடக் கையாண்டார்; 1832 வாக்கில் அவருடைய வலக்கை விரல் செயலிழக்க, அந்தக் கனவை விட்டார். காரணம் அந்தப் பொறிதானா, வேறு நோயா என்று இன்றும் வாதிக்கிறார்கள். ஷூமனுக்கு இயற்றும் மேதைமை துணை நின்றது; எல்லோருக்கும் அது வாய்ப்பதில்லை. அவருக்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்பே, தொழிலாளர் நோய்களைப் பற்றி நூல் எழுதிய இத்தாலிய வைத்தியர் பெர்னார்தினோ ராமஸ்ஸினி, எழுத்தர்களின் கைநோவுக்கு ஓயாமல் உட்கார்ந்திருப்பதையும் கையின் இடையறாத ஒரே அசைவையும் மட்டும் காரணமாகச் சொல்லாமல், மனத்தின் இறுக்கத்தையும் சேர்த்துச் சொன்னார். அதை வாசித்தபோது என் இராத்திரிகள் நினைவுக்கு வந்தன. தப்பாகிவிடுமோ என்ற பயத்தில் பல்லைக் கடித்து, தோளை உயர்த்தி, மூச்சை அடக்கிக்கொண்டு, ஒரு விரல் செய்யவேண்டிய காரியத்தை உடம்பு முழுவதையும் கொண்டு செய்திருக்கிறேன்.

சில வேளைகளில் பிழை கையினுடையதும் அல்ல. வாத்தியம் பழுதுபார்ப்பவர் ஒருவர் என் கிட்டாரைப் பார்த்து, கழுத்தின் மேல்முனையில் தந்திகளைத் தாங்கும் ‘நட்’ என்ற சிறு கட்டை உயரமாக இருப்பதாகச் சொல்லி, அதன் பள்ளங்களைச் சற்றே அராவித் தந்தார். முதல் ஃபிரெட்டின் கஷ்டம் பாதி அன்றே தீர்ந்தது. கருவியின் குறையை என் குறையாக ஏற்று, சகித்துக்கொள்வதையே சாதகம் என்று எண்ணியிருந்தேன்.

இப்போது இருபது நிமிஷம் வாசித்தால் கையைத் தொங்கவிட்டு ஐந்து நிமிஷம் சும்மா இருக்கிறேன். கை குளிர்ந்திருந்தால் வெந்நீரில் நனைக்கிறேன். மணிக்கட்டு முணுமுணுத்தால் அன்றைய பாடம் அத்தோடு முடிந்தது. 1893-இல் பிறந்த கிட்டார் மேதை ஆந்திரே செகோவியா, 1987-இல் மறையும் ஆண்டு வரை மேடையேறினார். அவ்வளவு நீண்ட காலம் ஒரு கையோடு வாழ வேண்டுமானால், அதை அடிமையாக நடத்த முடியாது.

பிடிவாதம் என்ற சொல்லில் முதலில் நிற்பது பிடி. எதையும் விடாமல் பற்றுவது நல்ல குணந்தான். ஆனால் நாதம் எழுவதற்கு எவ்வளவு பிடி போதும் என்று கேட்டு, அங்கே நின்றுவிடும் விவேகம் அதற்கு வேண்டும். பிள்ளையின் படிப்பிலும், அலுவலகக் காரியத்திலும், நண்பரோடு செய்யும் தர்க்கத்திலும் கழுத்துக்குப் பின்னால் ஒரு கட்டைவிரல் இறுகிக்கொண்டிருப்பதை நான் இப்போது அடிக்கடி காண்கிறேன். இந்தக் கட்டுரையை எழுதும்போதே, பேனாவைப் பற்றிய விரல் இரண்டு முறை இறுகிற்று. இரண்டு முறையும் தளர்த்தினேன். எழுத்து நின்றுவிடவில்லை.