பதினேழு என்று அண்ணன் சொன்னால்

ஒருவர் ‘களைச்சிட்டேன்’ என்றால் அது உண்மையா என்று வெளியிலிருந்து எப்படிச் சரிபார்ப்பது? சென்சார்களோடு வேலை செய்கிறவன் என்பதால், ‘அளந்து பார்’ என்பதே என் முதல் பதிலாக இருக்கும்.

1960களில் ஸ்வீடன் உளவியலாளர் குன்னார் போர்க் அளக்காமல் கேட்டார். பயிற்சி செய்பவர் தன் சிரமத்தை 6இலிருந்து 20க்குள் ஓர் எண்ணாகச் சொல்ல வேண்டும். 11 லேசு, 13 கொஞ்சம் கடினம், 15 கடினம், 17 ரொம்பக் கடினம். ஏன் 6இல் தொடங்குகிறது? ஆரோக்கியமான இளைஞரின் இதயத்துடிப்பு ஓய்வில் சுமார் 60, உச்சத்தில் சுமார் 200. பத்தால் பெருக்கினால் ஏறக்குறைய துடிப்பு வந்துவிடும். ஆக, உணர்வைக் கேட்கும் அளவுகோலுக்கும் இதயத்தைப் பார்த்துத்தான் கோடு கிழித்திருக்கிறார்கள்.

கழுத்தில் தண்டுவடம் அடிபட்டவரிடம் இந்தக் கணக்கு உடைந்துபோகிறது. இதயத்தை முடுக்கும் நரம்புகள் தண்டுவடத்தின் வழியே இறங்கி மார்புப் பகுதியில்தான் வெளியே வருகின்றன. அதற்கு மேலே பாதை முழுசாக அறுந்தால் மூளையின் கட்டளை போய்ச் சேராது. மூளையிலிருந்து நேராக இதயத்துக்கு வரும் வேகஸ் நரம்பு தன் பிரேக்கைத் தளர்த்தினால் துடிப்பு ஓரளவு ஏறும், அவ்வளவுதான். எவ்வளவு முயன்றாலும் பெரும்பாலும் 130ஐத் தாண்டாது.

என் பெரியப்பா மகனுக்கு மோட்டார் விபத்தில் இப்படி ஆனது. கைகள் ஓரளவு இயங்கும். ஜிம்மில் கையால் சுற்றும் சைக்கிளில் அவர் வியர்க்காமல் திணறிக்கொண்டிருந்தபோது பயிற்சியாளர் கடிகாரத்தைப் பார்த்து, “112தான் காட்டுது அண்ணே, இன்னும் சூடே ஏறல லா” என்றார்.

“எனக்குப் பதினேழு தம்பி.”

அவர் மறுபடியும் கடிகாரத்தைத்தான் பார்த்தார்.

கடிகாரம் பொய் சொல்லவில்லை. 112 என்பது 112தான். அதற்கு நாம் கொடுத்த பொருள்தான் வேறொரு உடம்பிலிருந்து கடன் வாங்கியது. ஒரு இயந்திரத்துக்குச் சரிசெய்த சென்சாரை இன்னொன்றில் மாட்டி, ரீடிங் ஒத்துவராவிட்டால் எங்கள் வேலையில் யாரும் இயந்திரத்தைத் திட்டுவதில்லை. மனுஷன் விஷயத்தில் மட்டும் மனுஷனைச் சந்தேகப்படுகிறோம்.

அதற்காக, சொல்லும் எண்ணில் குழப்பமே இருக்காது என்றில்லை. சக்கரம் தள்ளும்போது வேலை செய்வது தோளும் கையும், கால்களை ஒப்பிட்டால் சின்னத் தசைகள். மூச்சு வாங்கும் முன்பே அவை எரியத் தொடங்கலாம். கைக்கு 16, மூச்சுக்கு 12 என்று பிரிந்து நிற்கலாம். அதனால்தான் இரண்டையும் தனித்தனியாகக் கேட்கும் வழக்கம் உண்டு. எனக்கு இது பிடித்திருக்கிறது. ‘கையா, மூச்சா?’ என்று அடுத்த கேள்வி கேட்பவர்தான் முதல் பதிலை நம்பியவர். பரிதாபப்படுகிறவர் கேட்கமாட்டார். “போதும்ணே, ரெஸ்ட் எடுங்க” என்பார். கடிகாரத்தைவிட அந்தக் குரல்தான் அண்ணனுக்கு அதிக எரிச்சல்.

எனக்கு இன்னும் பிடிபடாத ஒன்று இருக்கிறது. சில நாள் அண்ணன் பதினேழில் இருந்துகொண்டே “பதிமூணு” என்பார், இன்னொரு சுற்று போவதற்காக. முகத்தைப் பார்த்தாலே தெரியும். அவர் உடம்பைப் பற்றிப் பேச அவருக்குத்தான் உரிமை என்று இவ்வளவு நேரம் வாதாடியவன், இப்போது மட்டும் எந்த வாயால் ‘பொய்’ என்பது? இரத்த அழுத்தம் சட்டென்று இறங்கிவிடக்கூடிய உடம்பு அது என்பதும் எனக்குத் தெரியும்.

“தலை சுத்துதாண்ணே?” என்று மட்டும் கேட்கிறேன். இல்லை என்றால் நோட்டில் 13 என்று எழுதுகிறேன்.