கட்டப்படாத வீடும் அளவையியலும்

இல்லாத ஒரு பொருளைக் கண்ணால் கண்டதாக ஒருவர் சொல்லக்கூடுமா என்னும் வினா இந்திய மெய்யியலில் பழையது. வீட்டு வடிவமைப்பு மென்பொருள்கள் பரவிய பின்னர் அது நூல்களின் எல்லையைக் கடந்து, மனை வாங்குவோர், வீடு கட்டுவோர், ஆலைகளின் அருகே வாழ்வோர் ஆகியோரின் அன்றாட வினாவாகிவிட்டது. வடசென்னையின் இராயபுரத்திலும் தண்டையார்பேட்டையிலும் திருவொற்றியூரிலும் பழைய ஓட்டுவீட்டை இடித்துவிட்டு மாடி எழுப்ப எண்ணும் குடும்பம், ஒரு தலைமுறைக்கு முன்பு பொறியாளரின் பிளான் தாளையும் மேஸ்திரியின் வாய்ச்சொல்லையும் கொண்டு முடிவெடுத்தது. இன்றோ, ஆட்டோகேடில் வரைந்த பிளானை ஸ்கெட்ச்அப் போன்ற மென்பொருளில் முப்பரிமாண வடிவாக்கி, எலிவேஷனுக்கு வண்ணமும் அறைகளுக்கு வெளிச்சமும் ஊட்டி, நிலைவாசலில் தொடங்கி மொட்டைமாடி வரை நடந்து செல்வதுபோல் படமாக்கி, விளக்கவுரையும் சேர்த்த காணொளி கைப்பேசிக்கு வந்துசேர்கிறது. அதைப் பார்த்து முடித்தவர் வீட்டைப் பார்த்துவிட்டதாகவே சொல்கிறார். அவர் பெற்ற அறிவு எவ்வகையைச் சேர்ந்தது என்று ஆராய்ந்தால், அக்காணொளியைத் தந்தவரின் கடமை எது என்பதும் தெளிவாகும்.

அறிவு மெய்யா பொய்யா என்று அளந்து காணும் கருவிகளை அளவை என்று தமிழ் நூல்கள் குறிக்கின்றன. மணிமேகலையின் சமயக்கணக்கர்தம் திறம் கேட்ட காதை அளவைகளைப் பத்தாக விரித்துரைக்க, 13ஆம் நூற்றாண்டினரான அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரில் அவற்றைக் காண்டல், கருதல், உரை என்னும் மூன்றனுள் அடக்குகிறார். பொறியும் பொருளும் நேரே கூடிப் பிறக்கும் அறிவு காண்டல். புகையைக் கண்டு நெருப்பை அறிவதுபோல, விடாது உடன்வரும் ஓர் அடையாளத்தைக் கொண்டு காணாததைத் துணிவது கருதல். நம்பத்தக்கவர் சொல்லால் அறிவது உரை.

மென்பொருள் காட்டும் வீட்டை இம்மூன்றில் எதில் வைப்பது? கண் கூடுவதற்குரிய பொருளாகிய வீடு இன்னும் பிறக்கவில்லை. கண் கூடுவது திரையோடு மட்டுமே. ஆதலால் அது வீட்டைப் பற்றிய காண்டல் ஆகாது. கருதல் என்று கொள்ளவும் இடமில்லை. நின்றுகொண்டிருக்கும் ஒரு கட்டடத்தின் ஒளிப்படம் அக்கட்டடத்தின் காரியம் என்பதால், புகை நெருப்பைக் காட்டுவதுபோல் அது தன் காரணத்தைக் காட்டும். மென்பொருளில் பிறந்த உருவத்துக்கோ அத்தகைய காரணப் பிணைப்பு கிடையாது. கட்டப்படும் வீடு எப்படி அமைந்தாலும் அந்த உருவம் முன்போலவே இருக்கும். எஞ்சுவது உரை. "இங்கே இப்படி ஒரு கூடம் வரும், இந்த ஜன்னல் வழியே கடற்காற்று வரும்" என்று ஒருவர் சொல்லும் சொல்லே, ஒளியும் நிழலும் பூண்டு காட்சியின் கோலத்தில் வருகிறது. வரைதாளின் காலத்தில் கேட்பவர் தாம் ஒருவருடைய சொல்லைக் கேட்பதை அறிந்திருந்தார். சொல் காட்சிபோல வரும்போது அந்த விழிப்பு தளர்கிறது. இக்காணொளிகளின் தனிச்சிக்கல் இதுவே.

உரை என்று தெளிந்தபின் ஆராய்ச்சி படத்திலிருந்து சொல்பவரிடம் செல்ல வேண்டும். சைவ அளவையியல் உரைக்கு வலிமை தருவது அதைச் சொல்பவரின் தகுதி என்று கொள்ளும். பொருளை உள்ளவாறு அறிந்தவராகவும், அறிந்ததை மறைக்காதவராகவும் இருப்பவரே ஆப்தர், அதாவது நம்பத்தக்கவர். திக்நாகர் வழிவந்த பௌத்த அளவையியல் காண்டல், கருதல் என்னும் இரண்டையே ஏற்று, உரையைக் கருதலுள் அடக்குகிறது. எவ்வழியில் நின்றாலும், படம் எத்தனை துல்லியமாக இருந்தாலும் அந்தத் துல்லியம் அளவையின் வலிமையைக் கூட்டாது. சுவரில் விழும் நிழலைத் திறம்படக் கணக்கிட்ட மென்பொருளுக்கு, அச்சுவர் எழுப்பப்படும் என்று உறுதி கூறும் தகுதி இல்லை.

இதைவிட நுட்பமான இடர் இன்மை பற்றியது. ஒன்று இல்லை என்பதை எப்படி அறிகிறோம் என்று ஆய்ந்த பழைய ஆசிரியர்கள், தரையில் குடம் இல்லாமையை எடுத்துக்காட்டாக வைத்து, குடம் இருந்திருந்தால் கண்ணுக்குப் புலப்பட்டிருக்கும் என்ற நிலையில்தான் அது காணப்படாமை அதன் இன்மைக்குச் சான்றாகும் என்று வரையறுத்தனர். இருட்டறையில் குடம் தெரியாததால் குடம் இல்லை என்று ஆகாது. மென்பொருள் உருவம் இவ்வகையில் ஓர் இருட்டறையை ஒத்தது: வெளிச்சம் நிறைந்திருந்தும், அதில் காணப்படாத எதுவும் அவ்விடத்தில் இல்லை என்று துணிய வழியில்லை, ஏனெனில் வரைந்தவர் விரும்பாதது அங்கே நுழைவதில்லை.

இவ்வரையறையின் பொருளை வடசென்னையின் நிலம் நன்கு விளக்கும். காணொளியில் கடல் நீலமாக, அமைதியாக, நின்ற இடத்திலேயே நிற்கும். உண்மையில் அது அப்படி நின்றதில்லை. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுந்த சென்னைத் துறைமுகத்தின் அலைத்தடுப்புச் சுவர்கள் வடக்கு நோக்கி நகரும் மணலைத் தடுத்ததால், தெற்கே மெரினாக் கடற்கரை அகன்றது. வடக்கே இராயபுரம் முதல் திருவொற்றியூர்க் குப்பங்கள் வரை கடல் கரையையும் வீடுகளையும் தின்றது. பாறைகளைக் கொட்டியும் தூண்டில் வளைவுகளை அமைத்தும் கரையைக் காக்க வேண்டியதாயிற்று. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு எண்ணூர்க் கழிமுகத்தில் பரவியதும், அதே மாத இறுதியில் பெரியகுப்பம் அருகே கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்ததும், அங்கு வாழ்வோர் மூக்காலும் கண்ணெரிச்சலாலும் அறிந்தவை. நெடியையும் எரிச்சலையும் காட்டும் ஆற்றல் எந்தக் காணொளிக்கும் இல்லை. விட்டுவிடுதல் மென்பொருளோடு பிறந்த பழக்கமும் அன்று. 1996இல் மத்திய அரசின் ஒப்புதல் பெற்ற கடற்கரை வரைபடத்தில் இருந்த எண்ணூர்க் கழிமுகம், பின்னர் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் வழங்கப்பட்ட வேறொரு வரைபடத்தில் இடம்பெறாமற்போனது 2017இல் பெரும் சர்ச்சையானது. வரைபடத்தில் இல்லாத நீரில் மீனவர் வலைவீசிக்கொண்டுதான் இருந்தனர்.

அவ்வாறாயின் இவ்வுருவங்கள் யாவும் மாயை என்று தள்ளத்தக்கவையா என்று வினவலாம். அத்வைதம் எடுத்துக்காட்டும் கயிற்றரவில், கயிறு என்ற அறிவு தோன்றியதும் பாம்பு மறைந்துவிடும். மென்பொருள் வீடோ, அது வெறும் உருவமே என்று அறிந்தபின்னும் மறைவதில்லை. ஆதலால் பிழை உருவத்தில் இல்லை, அதை எந்த அளவையாகக் கொள்கிறோம் என்பதில் இருக்கிறது. சைவ சித்தாந்தத்தில் மாயை என்பது பொய்த்தோற்றத்தைக் குறிக்காது. உலகம் தோன்றுவதற்குரிய முதற்காரணம், அதாவது குடத்துக்கு மண் போன்ற மூலப்பொருள், அதுவே. குயவன் நிமித்த காரணம். சக்கரமும் கோலும் துணைக் காரணம். காரியம் தன் முதற்காரணத்தில் முன்பே அடங்கியிருக்கிறது என்னும் சற்காரியவாதத்தை ஏற்கும் இம்மரபின்படி, வீடு அடங்கியிருப்பது மணலிலும் கம்பியிலும் சிமென்ட்டிலுமே. கணினிக் கோப்பு நிமித்த காரணனின் எண்ணத்துக்கு வடிவம் தரும் துணைக் காரணம் மட்டுமே. இப்பகுப்பு அதன் மதிப்பைக் குறைப்பதில்லை. அதற்குரிய இடத்தைக் காட்டுகிறது.

எண்ணத்தின் மதிப்பைச் சைவ மரபு எவ்வளவு உயர்வாகக் கொண்டது என்பதற்குத் திருநின்றவூர்ப் பூசலாரின் வரலாறு சான்று. கோயில் கட்டப் பொருளின்றி மனத்திலேயே ஒரு கோயிலைக் கட்டி, குடமுழுக்குக்கு நாளும் குறித்த பூசலாரின் பொருட்டு, காஞ்சியில் கற்றளி எடுத்த பல்லவ வேந்தனின் விழாவை வேறொரு நாளுக்கு மாற்றும்படி இறைவன் கனவில் பணித்ததாகச் சேக்கிழார் பெரியபுராணத்தில் கூறுகிறார். இவ்வரலாற்றைக் கற்பனையே கட்டடத்துக்கு ஈடு என்று படிப்பது மேலோட்டமானது. பூசலார் மனத்தளவிலும் பொருள்களைத் தேடிச் சேர்த்து, அடிநிலை முதல் முறையாக எழுப்பி, உரிய காலம் முழுவதையும் செலவிட்டார். ஒரு படியையும் தாண்டவில்லை. தம் கோயிலைக் காட்டி அவர் யாரிடமும் எதையும் பெறவுமில்லை. பிறரிடம் முன்பணம் பெறுவதற்காகக் காட்டப்படும் உருவம் வேறு அறத்தின்கீழ் வருகிறது. அது வாக்குறுதியின் அறம்.

வாக்குறுதி பற்றிய கதை திருவொற்றியூருக்கே உரியது. சங்கிலியாரை மணக்க விரும்பிய சுந்தரர், பிரியேன் என்று சூளுரைக்க வேண்டிய நேரத்தில் இறைவன் கருவறையில் இல்லாமல் மகிழ மரத்தடியில் இருக்க வேண்டும் என்று முன்பே வேண்டிக்கொண்டார். இறைவனோ சங்கிலியாருக்கு அதை உணர்த்தி, மகிழடியிலேயே சூளுரைக்கக் கேட்கும்படி செய்தார். பின்னர் ஆரூரை நினைந்து ஊரெல்லையைக் கடந்த சுந்தரரின் இரு கண்களும் ஒளியிழந்தன. சொல்லின் வடிவத்தை நிறைவேற்றிவிட்டு அதன் பிணைப்பிலிருந்து தப்ப முயன்றதே அவர் செய்த பிழை. காணொளியின் அடியில் சிற்றெழுத்தில் "படங்கள் சித்திரிப்புக்காக மட்டுமே" என்று எழுதிவிட்டு, குரலில் எல்லா உறுதியையும் அளிப்பது இதே வகையைச் சேர்ந்தது. ரெரா என்று மக்கள் வழங்கும் 2016ஆம் ஆண்டின் மனை வணிக ஒழுங்குமுறைச் சட்டமும் 12ஆம் பிரிவில், விளம்பரத்தையோ மாதிரி வீட்டையோ நம்பி முன்பணம் தந்தவர், அதிலுள்ள பொய்க்கூற்றால் இழப்புற்றால் இழப்பீடு பெறலாம் என்றும், விலகிக்கொள்ள விரும்பினால் தந்த பணத்தை வட்டியோடு திரும்பப் பெறலாம் என்றும் கூறுகிறது. காட்டுதலும் ஒருவகைச் சொல்லுதலே என்பதைச் சட்டம் ஏற்றுக்கொண்டிருக்கிறது. 500 சதுர மீட்டருக்கு மேற்படாத மனையிலோ எட்டு வீடுகளுக்கு மேற்படாமலோ அமையும் திட்டங்களுக்குப் பதிவு கட்டாயமில்லை என்பதால், வடசென்னையின் குறுகிய மனைகளில் எழும் சிறு அடுக்ககங்களில் வாங்குவோர் பெரிதும் சொல்பவரின் நேர்மையையே சார்ந்திருக்கின்றனர்.

ஆலைத் திட்டங்களில் கேட்போர் வாங்குபவர்கூட அல்லர்; விளைவை மட்டும் ஏற்பவர். 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி நடக்கும் மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம், திட்ட உரிமையாளரின் பிரதிநிதி திட்டத்தையும் அறிக்கைச் சுருக்கத்தையும் விளக்குவதோடு தொடங்க வேண்டும். கூட்டம் முழுவதும் காணொளியாகப் பதிவு செய்யப்படவும் வேண்டும். திட்டத்தார் காட்டுவது வரப்போவதைப் பற்றிய உரை. மக்கள் சொல்வது தாம் கண்டும் மூச்சில் வாங்கியும் அறிந்தது. வழவழப்பான படம் காண்டலின் இடத்தைப் பிடித்துக்கொண்டு, மீனவரின் காண்டல் வெறும் பேச்சாகத் தாழ்த்தப்படும்போது அளவைகள் தலைகீழாகின்றன.

மறைப்பு எல்லாம் வஞ்சகம் ஆகாது என்பதையும் திருவொற்றியூர்க் கோயிலே கற்பிக்கிறது. புற்று வடிவான ஆதிபுரீசுவரர் ஆண்டு முழுவதும் கவசம் பூண்டிருக்க, கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டிய மூன்று நாட்களில் மட்டும் அக்கவசம் நீக்கப்படுகிறது. கவசத்தை வணங்குபவர் அது கவசம் என்று அறிந்தே வணங்குகிறார். நீக்கப்படும் நாளும் ஊரறிந்தது. வடிவமைப்பாளரிடமும் இதே ஒழுங்கை எதிர்பார்க்கலாம். கடலோரக் கட்டடத்தில் இரும்புக் கம்பி துருப்பிடிக்காமல் காப்பது அதன்மேல் அமையும் கான்கிரீட் போர்வை. ஐ.எஸ். 456 என்னும் இந்தியத் தரநிலை கடலோரச் சூழலுக்கு அதை 45 மில்லிமீட்டர் என்று விதிக்கிறது. வீட்டின் ஆயுளைத் தீர்மானிக்கும் அந்த அளவு எந்தப் படத்திலும் தெரியாது. குரல்தான் அதைச் சொல்ல வேண்டும். எது அனுமதி பெற்ற பிளானில் உள்ளது, எது அலங்காரம், பக்கத்து மனையில் உண்மையில் என்ன நிற்கிறது, மழைக்காலத்தில் தெருவில் நீர் எவ்வளவு ஏறும் என்பவற்றைச் சொல்வதே விளக்கவுரையின் முதற்பணி. கூடத்தின் அழகைப் படமே காட்டிவிடும். மென்பொருளும் இதற்குத் தடையாக இல்லை; இடத்தின் அகலாங்கைக் கொடுத்தால் கதிரவனின் உண்மையான போக்கை அது கணக்கிடும், அண்டை வீட்டையும் மின்கோபுரத்தையும் வரையச் சொன்னால் வரையும். யார் சொன்னார், எந்த நாளில் சொன்னார், எதற்குப் பொறுப்பேற்றார் என்பவை காணொளிக்குள்ளேயே பதிவாகும்போதுதான் அது அளவை என்னும் தகுதியைப் பெறுகிறது. அவை இல்லாதது, எத்தனை பேர் பார்த்து வியந்தாலும், சொன்னவர் இல்லாத சொல்லாகவே நிற்கும்.