அலுமாரியும் அமானிதமும்

அலுமாரி என்ற சொல்லை எங்கள் வீட்டில் எவரும் அந்நியமாய் நினைத்ததில்லை. போர்த்துக்கேயரிடமிருந்து வந்தது அது. அவர்களுக்கு லத்தீனின் 'அர்மாரியும்' கொடுத்தது. 'அர்மா' என்றால் ஆயுதம், கருவி. அவற்றை வைத்த பெட்டகம் பிறகு ஏடுகளுக்கும் துணிகளுக்கும் ஆனது. யாழ்ப்பாணத்தை 1619 முதல் 1658 வரை ஆண்டவர்கள் கதிரையையும் மேசையையுங்கூட விட்டுப்போனார்கள். தமிழகத்தார் 'சாவி'யையும் எடுத்துக்கொண்டனர். நாங்கள் திறப்பு என்றே சொல்கிறோம்.

அதே போர்த்துக்கேயர்தான் 1626இல் தம் ஆட்சிப் பகுதிகளிலிருந்து சோனகரை வெளியேற்றினர். கண்டி மன்னன் செனரத் அவர்களில் பலரை மட்டக்களப்புப் பக்கம் குடியேற்றினான்.

1990இல் கோட்டையைச் சுற்றிச் சண்டை நடந்தபோது வாப்பா தன் அலுமாரியை, காணி உறுதிகளோடும் கிதாபுகளோடும், திருநெல்வேலியிலிருந்த நண்பர் வீட்டில் வைத்தார். திறப்பையும் கொடுத்தார். ஒக்டோபர் 30ஆம் திகதி சோனகத் தெருவாருக்குக் கிடைத்தது இரண்டு மணி நேரம். திருநெல்வேலிக்குப் போய்வர அது போதவில்லை. வாப்பா புத்தளத்தில் மௌத்தானார்.

2002இல் பாதை திறந்தபின் போனேன். மாஸ்டர் குற்றவாளியைப்போல எழுந்து நின்றார். 1995இல், அதே ஒக்டோபர் 30இல், வலிகாமமே தென்மராட்சிக்கு இடம்பெயர்ந்தபோது அவரும் போயிருக்கிறார். திரும்பி வந்தபோது வீட்டில் கதவுகள்கூட இல்லை. திறப்பை மட்டும் இடுப்பில் முடிந்துகொண்டு போனாராம்.

அமானிதப் பொருள் கவனக்குறைவின்றி அழிந்தால் காத்தவர் ஈடு கொடுக்க வேண்டியதில்லை என்பது எங்கள் பிக்ஹு. அதைச் சொன்னேன்.

"அது அலுமாரிக்குத் தம்பி. உங்களை அனுப்பினபோது நாங்கள் வாய் திறக்கேல்லை. அதுக்கு என்ன சட்டம்?"

தன்னைக் கொல்லத் திட்டமிட்ட மக்காவாசிகளின் அமானிதங்களை ஒப்படைக்க அலீ (ரலி) அவர்களை நிறுத்திவிட்டே நபி (ஸல்) அவர்கள் ஹிஜ்ரத் செய்தார்கள். வெளியேறுகிறவரின் கடமையை அது சொல்கிறது. பார்த்து நின்ற அயலவரின் கடமைக்கு அதிலிருந்து சட்டம் எடுக்க எனக்குத் தெரியவில்லை. துப்பாக்கிக்கு முன் அவர் என்ன செய்திருக்கலாம் என்றும் கேட்டுப் பார்த்தேன். அந்தக் கேள்வியை அவரே ஏற்கவில்லையே, நான் எப்படி அவருக்காக ஏற்பது?

அடியார்களின் ஹக்கை உரியவரே மன்னிக்கலாம். வாரிசு என்ற வகையில் அலுமாரி என் ஹக்கு. தெருவோ ஒரு தெருவாரின் ஹக்கு. அவர்களில் பலர் அப்போதும் புத்தளத்து ஓலைக் கொட்டில்களில் இருந்தார்கள்.

"அலுமாரியை ஹலாலாக்கிவிட்டேன் மாஸ்டர்" என்றேன்.

அவர் தலையசைத்தார். மற்றதைக் கேட்கவில்லை. திறப்பை என் கையில் வைத்துவிட்டு, உள்ளே பார்த்துத் தேத்தண்ணி போடச் சொன்னார்.