ஒரு நாள் திருச்செந்தூர்: நான் போட்ட பிளானும் முருகன் போட்ட பிளானும்

ஓம் சரவணபவ.

"ஒரே நாளில் திருச்செந்தூர் போயிட்டு வரலாமா?"ன்னு குரூப்பில் அடிக்கடி கேட்கிறீங்க. வரலாம். ஆனால் அதுக்கு முன்னாடி நான் போட்ட ஒரு பிளானைப் பத்திச் சொல்லணும்.

மதுரையில் இருந்து விடியக்காலை மூணு மணிக்குக் கார். ஆறரைக்குக் கடலில் குளியல், ஏழுக்கு நாழிக்கிணறு, எட்டுக்குத் தரிசனம், பத்துக்கு வள்ளி குகை. அப்புறம் மணப்பாடு, கொற்கை, திரும்பும்போது ஆதிச்சநல்லூர். ராத்திரி பத்துக்கு வீடு. போனில் ஒவ்வொண்ணுக்கும் அலாரம் வேற.

கூட வந்தது அக்காவும் அவங்க பையனும். அவனுக்கு நாலு வயசு. இன்னும் பேச்சு வரலை. கிளம்புறதுக்கு முந்தின நாளே அக்கா, "தம்பி, ஒரு ராத்திரி அங்கேயே தங்குவோமாடா?"ன்னு கேட்டாங்க. "லீவு இல்லக்கா, பிளான் பக்காவா இருக்கு"ன்னு முடிச்சிட்டேன்.

தரிசன வரிசையில் கூட்டமும் சத்தமும் தாங்காமல் பையன் வீறிட்டு அழ ஆரம்பிச்சான். எதுக்கு அழறேன்னு சொல்ல அவனுக்கு வார்த்தை இல்லை. அக்கா வரிசையை விட்டு வெளியே வந்து, அவனைத் தூக்கிட்டுக் கடற்கரைக்குப் போயிட்டாங்க. நான் பின்னாடியே ஓடினேன். எனக்கு வந்தது கோபம். "இப்படின்னா எதையும் பார்க்க முடியாதுக்கா"ன்னு கத்திட்டேன்.

அக்கா கடலைப் பார்த்துக்கிட்டே சொன்னாங்க: "நான் ஊர் பார்க்க வரலடா. கேட்க வந்தேன்."

அதுக்கு மேல எனக்குப் பேச்சு வரலை. மணலில் உட்கார்ந்துட்டேன்.

உட்கார்ந்த பிறகுதான் நாங்க எந்த வழியா வந்தோம்னே உறைச்சது. திருநெல்வேலியில் இருந்து தாமிரபரணிக் கரையோரம் திருச்செந்தூர் வரும் பாதையில் ஸ்ரீவைகுண்டம் இருக்கு. குமரகுருபரர் பிறந்த ஊர். ஐந்து வயசு வரை அவருக்குப் பேச்சு இல்லை. பெற்றோர் அவரைச் செந்தூருக்குக் கூட்டிவந்து, சந்நிதியிலேயே தங்கி விரதம் இருந்தாங்க. முருகன் அருளால் வாய் திறந்த பிள்ளை பாடியதுதான் கந்தர் கலிவெண்பா என்பது வரலாறு. அதே பாதையில் கொஞ்சம் தள்ளி ஆழ்வார்திருநகரி. அங்கே புளியமரத்தடியில் பதினாறு ஆண்டுகள் பேசாமலே இருந்தவர் நம்மாழ்வார். பேசாத இரண்டு பிள்ளைகளின் ஊர்களை நான் எண்பது கிலோமீட்டர் வேகத்தில் தாண்டி வந்திருக்கேன், பின்சீட்டில் பேசாத ஒரு பிள்ளையை வெச்சுக்கிட்டு.

குமரகுருபரரைப் பெற்றவங்க எந்த நேரத்துக்குத் திரும்பணும்னு கணக்குப் போட்டுட்டு வரலை. காத்திருக்க வந்தாங்க.

முருகனும் இந்தக் கரையில் காத்திருந்தவன்தான். படைவீடு என்றால் படையோடு தங்கிய இடம். வேலை விட்டிருந்தால் ஒரு நொடியில் எல்லாம் முடிஞ்சிருக்கும். ஆனால் கந்தபுராணக் கதைப்படி, அவன் முதலில் வீரவாகுத்தேவரைத் தூது அனுப்பினான். சூரனுக்கே திருந்த நேரம் கொடுத்தவன். கடைசியில் அவனையும் மயிலும் சேவலுமாக்கித் தன்னோடு வெச்சுக்கிட்டான். சூரனுக்குக் கொடுத்த பொறுமையை நான் என் அக்கா மகனுக்குக் கொடுக்கலையே!

மத்தியானத்துக்கு மேல கூட்டம் குறைஞ்சது. பையன் அக்கா தோளில் தூங்கிட்டான். அப்படியே போய் நின்னோம். செந்திலாண்டவன் கையில் ஜபமாலையோடு நிற்கிற கோலம். அக்கா என்ன கேட்டாங்கன்னு நான் கேட்கலை. பன்னீர் இலை விபூதி வாங்கினோம். முழிச்ச பிறகு அந்த இலையைக் கையில் இறுக்கிப் பிடிச்சவன், மதுரை வரை விடலை.

கொற்கை பார்க்கலை. மணப்பாடும் ஆதிச்சநல்லூரும் பார்க்கலை. பையன் இன்னும் பேசலை, அதையும் மறைக்காமல் சொல்றேன். பேச்சுப் பயிற்சிக்கு வாரம் இரண்டு நாள் போறான். வேண்டுதல் வெச்சாச்சுன்னு யாரும் மருத்துவரை விட்டுடாதீங்க. பயிற்சி கொடுக்கிறவங்க கையிலும் அவன் வேல்தான் இருக்கு. மாறினது நான். இப்போ அவன் கையை நீட்டினா, எதைக் கேட்கிறான்னு புரியுற வரைக்கும் பக்கத்தில் உட்கார்ந்திருக்கேன்.

நக்கீரர் எழுதியது திருமுருகாற்றுப்படை. ஆற்றுப்படை என்றால் வழிப்படுத்துவது. போய்ப் பெற்றவன், இன்னும் பெறாதவனுக்கு வழி சொல்றது. அதில் செந்தூர் திருச்சீரலைவாய் என்ற பேரில் இரண்டாவதாக வருது. ஆக, "எப்படிப் போகணும்?"னு கேட்கிறதும் வழி சொல்றதும் நமக்குப் புதுசு இல்லை. எனக்குத் தெரிஞ்ச வழியை நானும் சொல்றேன்:

1. கூட வர்றவங்கள்ல யாரால மெதுவாத்தான் நடக்க முடியுமோ, அவங்க நடைக்குப் பிளான் போடுங்க. பாட்டியோ, கைக்குழந்தையோ, யாரா இருந்தாலும்.

2. சஷ்டி, கிருத்திகை, விசாகம், ஞாயிறு கூட்டம் தாங்காதவங்க இருந்தால் சாதாரண வாரநாளில் போங்க. முருகன் அன்னிக்கும் அங்கேதான் இருக்கான்.

3. கடலில் குளிச்சிட்டு நாழிக்கிணற்றுக்குப் போங்க. படைவீரர்களின் தாகத்துக்கு முருகன் வேலால் உண்டாக்கியதுன்னு சொல்வாங்க. உப்புக்கடல் பக்கத்திலேயே நல்ல தண்ணி. உள்ளங்கையில் ஏந்தி ஒரு நிமிஷம் நில்லுங்க. அலை பலமா இருந்தால் கடலில் இறங்க வேண்டாம்.

4. மற்ற ஊர்களை இன்னொரு நாளுக்கு வையுங்க. ஆயிரக்கணக்கான வருஷமா இருக்கிற ஆதிச்சநல்லூர் அடுத்த மாசமும் இருக்கும்.

5. ஒரு மணி நேரமாவது கரையில் சும்மா உட்காருங்க. பிளானில் அதுக்கு நேரம் எழுதாதீங்க, மிச்சம் விடுங்க.

அடுத்த முறை நாங்க ஒரு ராத்திரி தங்கப் போறோம். இந்தத் தடவை பிளான் அக்காவோடது.

கந்தனுக்கு அரோகரா! செந்தில் வேலனுக்கு அரோகரா!